கேளிரும் கேட்போரும்: சிறார் பாலியல் வன்கொடுமையை எழுதிய இரு இந்தியப் படைப்புகள்

முன்னுரை

தமிழில் 'கேள்' என்னும் வினையடி செவியால் கொள்ளுதலையும் வினவுதலையும் ஒருசேரக் குறிக்கும். அதே வடிவுடைய பெயர்ச்சொல் உறவினரையும் நண்பரையும் குறிக்கும். சங்கப் பாடல்களில் பயிலும் 'கேளிர்' என்னும் சொல் இப்பொருளது. இவ்விரு சொற்களுக்கும் வேர் ஒன்றா என்பது சொற்பிறப்பியலார் ஆராய வேண்டிய வினா. எனினும், சிறார் மீதான பாலியல் வன்கொடுமையைப் பேசும் இலக்கியத்தை அணுகுவதற்கு இவ்வடிவ ஒப்புமை ஒரு திறவுகோலாக அமைகிறது. குழந்தைக்கு நேர்ந்ததைக் கேட்க வேண்டியவர் கேளிர். கேளாது நிற்பவரும் பல நேரங்களில் அவரே. கொடுமை இழைத்தவரும் அவருள் ஒருவராக இருப்பதுண்டு.

அருந்ததி ராய் ஆங்கிலத்தில் எழுதிய புதினம் 1997இல் வெளிவந்து, அவ்வாண்டிலேயே புக்கர் பரிசைப் பெற்றது. ஜி. குப்புசாமியின் மொழிபெயர்ப்பில் 'சின்ன விஷயங்களின் கடவுள்' என்னும் பெயரில் அது தமிழ் வாசகர்க்கும் கிடைக்கிறது. மகேஷ் தத்தானியின் 'தர்ட்டி டேஸ் இன் செப்டம்பர்' என்னும் ஆங்கில நாடகம் 2001இல் மும்பை பிருத்வி அரங்கில் முதலில் நிகழ்த்தப்பட்டது. சிறு வயதில் குடும்ப உறவினரால் பாலியல் கொடுமைக்கு உள்ளான பெண்களுக்குத் துணைநிற்கும் தில்லியின் 'ராஹி' அமைப்பின் வேண்டுகோளால் இந்நாடகம் எழுதப்பட்டது. முன்னதில் ஏழு வயதுச் சிறுவன் எஸ்தா. பின்னதில் ஏழு வயது முதல் பதின்மூன்று வயது வரை கொடுமையை அனுபவித்து வளர்ந்த மாலா.

ராயின் புதினம் சாதி, விலக்கப்பட்ட காதல், புதுமையான மொழிநடை ஆகியவற்றை முன்னிறுத்தியே பெரிதும் ஆராயப்பட்டுள்ளது. எஸ்தாவுக்கு நேர்ந்தது ஒரு கிளை நிகழ்ச்சியாகக் கடந்துசெல்லப்படுவதே வழக்கம். தத்தானியின் நாடகமோ சமூகச் சிக்கலைப் பேசும் நாடகம் என்ற ஒரே வகைக்குள் அடக்கப்படுகிறது. இவ்விரண்டையும் அருகருகே வைத்து நோக்கினால் ஓர் உண்மை தெளிவாகிறது. கொடுமைக்கு உள்ளான குழந்தையின் மௌனம் குழந்தையின் இயல்பன்று. அது கேட்போரால் உருவாக்கப்படுவது. ஆகவே தடுப்பும் துணைநிற்றலும் கேட்பவரிடமிருந்தே தொடங்க வேண்டும். இக்கருத்தை நிறுவுவது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

மழலையும் சாட்சியமும்

தமிழ் இலக்கிய மரபு குழந்தையைக் கொண்டாடுவதில் குறைவைத்ததில்லை. திருக்குறளின் 'மக்கட்பேறு' அதிகாரம் மழலையைக் கேட்டலைப் பெற்றோரின் பேரின்பமாகப் போற்றுகிறது. குழந்தை உண்ணும் அழகையும் உணவை மேனியெங்கும் பூசிக்கொள்ளும் அழகையும் புறநானூறு காட்டுகிறது. பிள்ளைத்தமிழ் குழந்தைப் பருவத்தைப் பத்தாகப் பகுத்து, ஒவ்வொரு பருவத்தையும் தனித்தனியே பாடுகிறது.

இம்மரபில் ஒரு கூறு கவனிக்கத்தக்கது. பிள்ளைத்தமிழில் குழந்தை பெரும்பாலும் முன்னிலையில் வைத்து விளிக்கப்படுகிறது. தாலாட்டப்படுகிறது, முத்தம் கேட்கப்படுகிறது, அருகில் வருமாறு அழைக்கப்படுகிறது. தன்மையில் நின்று அது பேசுவதில்லை. இது குறையன்று, அவ்வகைமையின் இயல்பு. ஆனால் குழந்தையின் சொல்லை இன்பமாகக் கேட்கும் செவியும், அதே சொல்லைச் சாட்சியமாகக் கேட்கும் செவியும் ஒன்றல்ல என்பதை இவ்விடத்தில் பிரித்தறிய வேண்டும். முன்னதற்குச் சொல்லின் பொருள் தேவையில்லை; ஒலியே போதும். பின்னதற்குப் பொருளே முதன்மை. அது எவ்வளவு கசப்பானதாயினும் கேட்பவர் ஏற்றுக்கொண்டாக வேண்டும்.

முதல்வகைக் கேட்டலில் தேர்ந்த குடும்பங்கள் இரண்டாம் வகையில் தோற்பதையே ராயும் தத்தானியும் எழுதியுள்ளனர். இரு படைப்புகளிலும் வரும் தாயர் அன்பற்றவர் அல்லர். அன்பு இருந்தும் கேட்டல் நிகழவில்லை என்பதே இவை முன்வைக்கும் சிக்கல்.

அபிலாஷ் திரையரங்கின் முகப்புக்கூடம்

1969 டிசம்பரில், கோட்டயத்தை அடுத்த அய்மனத்திலிருந்து அம்முவும் அவளுடைய இரட்டைக் குழந்தைகளும் குடும்பத்தாருடன் கொச்சிக்கு வருகின்றனர். அபிலாஷ் திரையரங்கில் 'சவுண்ட் ஆஃப் மியூசிக்' திரைப்படம் ஓடுகிறது. படத்தின் பாடலோடு இணைந்து எஸ்தா உரக்கப் பாடுகிறான். பார்வையாளர் எரிச்சலுறுகின்றனர். வெளியே சென்று பாடிவிட்டு வருமாறு அவன் அனுப்பப்படுகிறான். ஆளற்ற முகப்புக்கூடத்தில் குளிர்பானம் விற்பவன் அவனைக் காண்கிறான்.

ராய் இக்காட்சியை அமைத்துள்ள முறை நுணுகி நோக்கத்தக்கது. முதலில் அவன் தன் உறக்கம் கலைந்ததாகக் கடிந்து சிறுவனை அச்சுறுத்துகிறான். அடுத்து, எலுமிச்சைப் பானம் தந்து அச்சத்தைத் தணிப்பவன்போல் நடிக்கிறான். பானம் பெற்ற சிறுவன் கடன்பட்டவனாகிறான். அதன்பின் கொடுமை நிகழ்கிறது. தனித்திருக்கும் குழந்தையைக் கண்டறிதல், அச்சுறுத்தல், கொடை, இழைத்தல், மறைத்தல் என்னும் வரிசை சில பக்கங்களுக்குள் முழுமை பெறுகிறது. சிறார் பாதுகாப்புப் பயிற்சிகளில் இன்று கற்பிக்கப்படும் கூறுகளை அத்தகைய பயிற்சிகள் இந்தியாவில் பரவலாவதற்கு முன்பே இப்புதினம் காட்டிவிட்டது.

கொடுமையைவிடக் கூடுதல் கவனத்துக்குரியது அதனை அடுத்து வரும் பகுதி. எஸ்தாவுக்குக் குமட்டல் எடுக்கிறது. அம்மு அவனைக் கழிப்பறைக்கு அழைத்துச் செல்கிறாள். உடல் சொல்லிவிட்டது, ஆனால் அது நோயாக மட்டுமே வாசிக்கப்படுகிறது. வெளியே வந்த அம்முவிடம் அவ்விற்பனையாளன் இனிமையாகப் பேசுகிறான். சிறுவனிடம் அன்பாக நடந்துகொண்டான் என்று அம்மு அவனைப் பாராட்டவும் செய்கிறாள். குடும்பம் எங்கு வாழ்கிறது, என்ன தொழில் செய்கிறது என்பதும் அவனுக்குத் தெரிந்துவிடுகிறது. ஏதோ தவறென உணர்ந்த ராஹேல் மட்டும் வெடுக்கெனப் பேசுகிறாள். அதற்காக அவள் கண்டிக்கப்படுகிறாள். எஸ்தாவின் துயரை அறிந்த ஒரே உயிர் அவனுடைய இரட்டைச் சகோதரியே. ஆனால் அவளும் குழந்தை. கேட்கும் ஆற்றல் உடையவளிடம் அதிகாரம் இல்லை. அதிகாரம் உடையவர்கள் கேட்கவில்லை.

அம்முவைக் குற்றவாளியாக்கும் வாசிப்பு இங்குப் பொருந்தாது. மணமுறிவுக்குப்பின் பிறந்தகத்தில் உரிமையற்று வாழும் பெண் அவள். பொது இடத்தில் பிள்ளைகள் ஒழுங்காக நடந்துகொள்ள வேண்டும் என்பது அவளது தன்மானத்தோடு பிணைந்துள்ளது. பிள்ளைகளின் பணிவைக் காக்கப் பழகிய கண், பிள்ளைக்கு நேர்ந்த ஆபத்தைக் காணத் தவறுகிறது. பெரியவரிடம் மறுப்பின்றி நடக்கும் குழந்தையே நல்ல குழந்தை என்னும் வளர்ப்புமுறையின் இடர் இதனால் வெளிப்படுகிறது. அறிமுகமற்ற பெரியவர் ஒருவர் தந்ததை மறுக்க எஸ்தாவுக்குக் கற்பிக்கப்படவில்லை. மறுத்திருந்தால் அது மரியாதைக் குறைவாகக் கொள்ளப்பட்டிருக்கும்.

கேட்கப்படாத உண்மையும் கேட்டுவாங்கிய பொய்யும்

தன் இருப்பிடம் தெரிந்த அம்மனிதன் எந்நேரமும் வரக்கூடும் என்று எஸ்தா அஞ்சுகிறான். எதுவும் எவர்க்கும் நேரலாம், ஆயத்தமாக இருப்பதே நல்லது என்ற முடிவுக்கு அக்குழந்தை வருகிறது. ஒளிந்துகொள்ள இடமும் ஆற்றைக் கடக்கத் தோணியும் தேடத் தொடங்குவது இவ்வச்சத்தினால்தான். பின்னர் அத்தோணி கவிழ்ந்து சோஃபி மோள் மீனச்சல் ஆற்றில் இறக்கிறாள். வெளுத்தா காவலர்களால் அடித்து நொறுக்கப்படுகிறான். இவற்றுக்கு வேறு காரணங்களும் உள. சாதியின் கொடுங்கரமே அவற்றுள் பெரிது. எனினும், கதையின் இயக்கத்தில் திரையரங்கு நிகழ்ச்சி கிளையன்று, அச்சாணி என்பது இத்தொடர்ச்சியால் புலனாகிறது.

காவல்நிலையக் காட்சியை இப்பின்னணியில் மீண்டும் நோக்க வேண்டும். தாழ்த்தப்பட்ட பரவன் சாதியில் பிறந்த வெளுத்தாமீது பேபி கொச்சம்மா பொய்ப்புகார் தந்துவிட்டாள். அவன் குழந்தைகளைக் கடத்தியதாக ஒரு குழந்தையேனும் சொன்னால்தான் அவள் தப்ப முடியும். தாயைக் காப்பாற்ற வேண்டுமாயின் ஆமெனச் சொல்ல வேண்டும் என்று அவள் பிள்ளைகளை அச்சுறுத்துகிறாள். ஆய்வாளர் தாமஸ் மாத்யூ குழந்தைகளுக்குக் குளிர்பானம் வருவித்துத் தருகிறார். எஸ்தா தேர்ந்தெடுக்கப்படுகிறான். அவனிடம் வினா கேட்கப்படுகிறது, அவன் ஆமென்கிறான்.

சில வாரங்களுக்குள் இருமுறை அச்சிறுவனுக்குப் பெரியவர்கள் குளிர்பானம் தருகின்றனர். முதன்முறை உடல் பறிக்கப்படுகிறது. இரண்டாம் முறை சொல் பறிக்கப்படுகிறது. முதல் நிகழ்ச்சியில் அவனிடமிருந்த உண்மையை எவரும் கேட்கவில்லை. இரண்டாவதில் அவனிடம் இல்லாத பொய்யை எல்லாரும் கேட்கின்றனர். இவ்விரு கேட்டல்களுக்கும் இடையில் அக்குழந்தையின் மொழி அழிகிறது. வளர்ந்தபின் எஸ்தா பேச்சை முற்றும் கைவிட்டவனாக அய்மனத்துக்குத் திரும்புகிறான். அம்மௌனத்தை வெறும் அதிர்ச்சியின் விளைவென்று சொல்வது போதாது. சொல் பயனற்றது என்பதையும், சொல் உயிரைக் கொல்லும் என்பதையும் ஏழு வயதில் கற்றவனின் முடிவு அது.

சாதியை முன்வைத்த வாசிப்பும் குழந்தையை முன்வைத்த வாசிப்பும் ஒன்றையொன்று நிறைவுசெய்யும் இடமும் இதுவே. குழந்தைக்கு உண்மையாகவே கொடுமை இழைத்தவன்மீது எப்பதிவும் இல்லை. குழந்தைகளிடம் அன்பு செலுத்தியவன் கடத்தல்காரனாகப் பதிவாகிறான். எவரைக் குற்றவாளியாக நம்புவது என்பதைச் சாதி முன்னரே தீர்மானித்து வைத்திருக்கிறது. குழந்தைப் பாதுகாப்பு என்னும் பெயரே ஒடுக்கப்பட்டவர்க்கு எதிரான கருவியாகலாம் என்னும் எச்சரிக்கையை இப்புதினம் விடுக்கிறது. குழந்தையைக் கேட்டல் வேறு. குழந்தையைச் சொல்லவைத்தல் வேறு.

ஊட்டிய கையும் அடைபட்ட வாயும்

தத்தானியின் நாடகத்தில் கொடுமை இழைத்தவன் அயலான் அல்லன், தாயின் உடன்பிறந்தவன். தந்தை விட்டுச்சென்ற குடும்பத்துக்குப் பொருளுதவி செய்பவனும் அவனே. தாய்மாமன் என்னும் உறவுக்குத் தமிழ்ச் சமூகம் தரும் இடத்தை அறிந்தோர்க்கு இவ்வமைப்பின் அழுத்தம் எளிதில் விளங்கும். மதிப்பும் நன்றிக்கடனும் சேர்ந்து புகாரின் வாயிலை அடைத்துவிடுகின்றன.

வளர்ந்த மாலா எந்த உறவையும் முப்பது நாளுக்குமேல் நீடிக்க விடுவதில்லை. தாய் சாந்தாவோ பூசையிலும் கண்ணனின் திருவுருவத்திலும் தன்னை மறைத்துக்கொள்பவள். மகள் சிறுமியாக இருந்தபோது வலியோடு வந்து நின்ற பொழுதெல்லாம் சாந்தா அவளுக்கு உணவு ஊட்டினாள். உருளைக்கிழங்குப் பராத்தா மகளுக்குப் பிடிக்கும் என்பது தாயின் நினைவு. பேச வந்த வாய் உணவால் அடைக்கப்பட்டது என்பது மகளின் நினைவு. ஒரே செயல் இருவர் நினைவில் இருவேறு பொருள் கொள்கிறது. வாயடைத்தல் என்னும் தமிழ் வழக்கு இவ்விடத்தில் நேர்ப்பொருளிலேயே நிகழ்கிறது. ராயின் புதினத்தில் குழந்தையை வயப்படுத்திய உணவு தத்தானியின் நாடகத்தில் அதனை மௌனமாக்குகிறது. பிங்கி விரானி இந்தியச் சிறார் பாலியல் வன்கொடுமை பற்றி 2000இல் வெளியிட்ட ஆங்கில நூலும் கசக்கும் சாக்லெட் என்னும் பொருள்படும் தலைப்பையே கொண்டுள்ளது. குழந்தைக்கு இன்பம் தரும் பொருளே கொடுமையின் கருவியாவதை இக்காலத்து எழுத்தாளர் மூவரும் தனித்தனியே உணர்ந்துள்ளனர்.

நாடகத்தின் உச்சத்தில் சாந்தாவின் மௌனத்துக்குக் காரணம் வெளிப்படுகிறது. அதே சகோதரனால் ஆறு வயது முதல் பத்தாண்டுகள் அவளும் கொடுமைக்கு உள்ளானவள். தன் துயரைக் கேட்பார் இன்றி வளர்ந்தவள், மகளின் துயரைக் கேட்கும் ஆற்றலை இழந்திருந்தாள். கேளாமையும் ஒரு தலைமுறையிலிருந்து அடுத்த தலைமுறைக்குக் கைமாறும் என்பதே இவ்வெளிப்பாட்டின் சாரம்.

ஆலோசகரிடம் மாலா பேசும் ஒலிப்பதிவுகள் நாடகத்தின் ஊடே இடம்பெறுகின்றன. தொடக்கத்தில் தன் பெயரைச் சொல்லவும் அவள் தயங்குகிறாள். பின்னர்த் தன் பெயரைத் தானே சொல்கிறாள். மறைந்துகொள்ள வேண்டியவன் இழைத்தவனே என்னும் தெளிவை அடைகிறாள். ஆலோசகரின் முகம் மேடையில் முதன்மை பெறுவதில்லை. அறிவுரைகள் மிகுதியாக இல்லை. குறுக்கிடாமல், ஐயுறாமல், விரைவுபடுத்தாமல் ஒருவர் கேட்டுக்கொண்டிருக்கிறார் என்பதே அங்கு நிகழ்கிறது. தன்மையில் நின்று ஒருவர் பேசுவதற்கு முன்னிலையில் ஒருவர் வேண்டும். மாலாவுக்கு அம்முன்னிலை கிடைத்தது, எஸ்தாவுக்குக் கிடைக்கவில்லை. இருவர் வாழ்வும் வெவ்வேறு திசையில் சென்றமைக்கு இவ்வேறுபாடே காரணம் எனலாம்.

இரு படைப்புகளின் எல்லைகள்

இரண்டும் குறைகளற்றவை அல்ல. ராயின் புதினம் எஸ்தாவின் துயரை முழுமையாக உணர்த்துகிறது. ஆனால் மீள்தலுக்கான சிறு வாயிலையும் திறப்பதில்லை. அழிவின் அழகியலில் அதன் மொழி ஆழ்ந்துவிடுகிறது. கொடுமைக்கு உள்ளானவர் என்றென்றும் உடைந்தவரே என்னும் எண்ணத்தை அது வலுப்படுத்தக்கூடும். உண்மையில் நம்பத்தக்க ஒருவரின் துணையும் உரிய உளவியல் உதவியும் பெற்றோர் பலர் கல்வி, தொழில், குடும்பம் என நிறைவாழ்வு வாழ்கின்றனர்.

தத்தானியின் நாடகத்தில் வேறொரு சிக்கல் உள்ளது. தாயும் பாதிக்கப்பட்டவள் என்னும் வெளிப்பாடு அரங்கில் பேராற்றலுடன் நிகழ்கிறது. ஆயினும் தாய் ஏன் காக்கவில்லை என்னும் வினாவே நாடகத்தின் மையத்தை நிறைத்துவிடுகிறது. இழைத்தவனின் பொறுப்பு ஓரத்துக்குச் செல்கிறது. காக்கத் தவறிய பெண்ணின்மீது சினமும், கொடுமை இழைத்த ஆணின்மீது மௌனமும் என்ற சமூக வழக்கத்திலிருந்து நாடகம் முற்றும் விடுபடவில்லை. அவன் சட்டத்தின் முன் நிறுத்தப்படுவதும் இல்லை. வேண்டுகோளால் எழுதப்பட்ட படைப்புக்குரிய தெளிவு அதன் வலிமை. ஐயத்துக்கும் தயக்கத்துக்கும் குறைந்த இடமே தருவது அதன் வறுமை. மீள்தலின் நெடிய, முன்னும் பின்னுமான பாதை சில ஒலிப்பதிவுகளில் சுருங்கிவிடுகிறது.

இக்குறைகள் ஒன்றையொன்று ஈடுசெய்கின்றன. புதினம் கேளாமையின் விலையைக் காட்டுகிறது. நாடகம் கேட்டலின் பயனைக் காட்டுகிறது. ஒன்றை மட்டும் கற்பிக்கும் பாடத்திட்டம் பாதி உண்மையையே மாணவர்க்குத் தரும்.

சொல்லின் குறை

இப்பொருளைத் தமிழில் பேச முற்படும்போது சொற்களே தடையாக நிற்பதைக் காணலாம். இதழ்களிலும் உரையாடலிலும் நெடுங்காலம் பயின்ற 'கற்பழிப்பு' என்னும் சொல், இழப்பைப் பாதிக்கப்பட்டவரின் கற்பில் வைக்கிறது. குற்றத்தை இழைத்தவரின் செயலில் வைப்பதில்லை. குழந்தைக்கு அச்சொல் எவ்வகையிலும் பொருந்தாது. எஸ்தா போன்ற சிறுவனை அது கருத்திலும் கொள்வதில்லை. 'சில்மிஷம்', 'சீண்டல்' போன்றவை குற்றத்தை விளையாட்டாகச் சுருக்குகின்றன. 'தகாத உறவு' என்பதோ குழந்தையையும் உறவில் பங்குபெற்றவராக்கிவிடுகிறது. இவற்றுக்கு மாறாக 'பாலியல் வன்கொடுமை', 'பாலியல் வன்முறை' என்பன செயலின் தன்மையைச் சுட்டுவன. ஆண், பெண் என்ற வேறுபாடின்றி எல்லாக் குழந்தைகளுக்கும் பொருந்துவன.

இது சொல்லாய்வு மட்டுமன்று. மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007இல் வெளியிட்ட ஆய்வு 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளை உள்ளடக்கியது. அவர்களுள் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் கொடுமைக்கு உள்ளானதாகக் கூறினர். அவ்வாறு கூறியவர்களுள் சிறுவர் 52.94 விழுக்காடு. இழைத்தவர்களுள் பாதிப்பேர் குழந்தைக்கு அறிமுகமானவர் அல்லது நம்பிக்கைக்கும் பொறுப்புக்கும் உரிய நிலையில் இருந்தவர். பெரும்பாலான குழந்தைகள் தமக்கு நேர்ந்ததை எவரிடமும் சொல்லவில்லை. சிறுமியர்க்கு மட்டுமே நேர்வது, அயலாரால் மட்டுமே நேர்வது என்னும் இரு நம்பிக்கைகளும் இவ்வெண்களால் தகர்கின்றன. தன் உடலுறுப்புகளுக்கு நாணமற்ற பெயரும், தனக்கு நேர்ந்ததற்குப் பழி சுமத்தாத பெயரும் வீட்டு மொழியில் இல்லாத குழந்தை எதைக்கொண்டு சொல்லும் என்னும் வினாவுக்கு மொழிப்புலத்தார் விடை தர வேண்டியுள்ளது.

துணைநிற்போர் பயன்படுத்தும் சொற்களும் எண்ணத்தக்கவை. 'பாதிக்கப்பட்டவர்' என்பது வழக்கு மன்றத்துக்குத் தேவையான சொல். வாழ்நாள் முழுதும் ஒருவரைச் சுட்டுவதற்கு அது போதாது. 'மீண்டவர்' என்னும் சொல் கடந்துவந்த பாதையையும் உடன்சுட்டுகிறது. எனினும் தம்மை எவ்வாறு சுட்டுவது என்னும் உரிமை அவர்களுக்கே உரியது.

சட்டம் வகுத்த கேட்டல்

எஸ்தாவின் கதை நிகழும் 1969இலும், அது அச்சேறிய 1997இலும் சிறார்க்கு எதிரான பாலியல் குற்றங்களைத் தனியே வரையறுக்கும் நாடு தழுவிய சட்டம் இந்தியாவில் இல்லை. 2003இல் கோவா மாநிலம் குழந்தைகளுக்கெனத் தனிச் சட்டம் இயற்றியது. பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம், அதாவது போக்சோ சட்டம், 2012 நவம்பர் 14 அன்று நடைமுறைக்கு வந்தது. பதினெட்டு வயது நிறைவுறாத எவரும் குழந்தையே என வரையறுத்து, சிறுவரையும் சிறுமியரையும் அது ஒருங்கே காக்கிறது.

தண்டனைகளின் கடுமை பற்றியே பொதுவெளியில் மிகுதியாகப் பேசப்படுகிறது. 2019இல் செய்யப்பட்ட திருத்தம் தண்டனைகளை மேலும் கடுமையாக்கி, மிகக் கொடிய குற்றங்களுக்கு மரண தண்டனைக்கும் வழிசெய்தது. ஆனால் இலக்கிய மாணவர் கருதத்தக்கது அச்சட்டம் கேட்டலுக்கு வகுத்துள்ள முறைமையே. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தாக வேண்டும் என்கிறது 19ஆம் பிரிவு. தெரிவிக்கத் தவறுவது 21ஆம் பிரிவின்படி குற்றம். குழந்தையின் வாக்குமூலம் அதன் வீட்டிலோ அது விரும்பும் இடத்திலோ பதிவுசெய்யப்பட வேண்டும். பதிவுசெய்யும் காவல் அலுவலர் சீருடையில் இருத்தல் கூடாது. குழந்தை நம்பும் ஒருவர் உடனிருக்க, அது பேசியவாறே எழுதப்பட வேண்டும். நீதிமன்றத்தில் குழந்தையை வன்மையாகக் குறுக்கு விசாரணை செய்தல் ஆகாது. மீண்டும் மீண்டும் அழைத்தல் ஆகாது. குற்றம் சாட்டப்பட்டவர் முன் நிறுத்தல் ஆகாது. குழந்தையின் அடையாளத்தை ஊடகங்கள் வெளியிடக் கூடாது.

தாமஸ் மாத்யூவின் காவல்நிலையத்தை நினைவிற்கொண்டு இவ்விதிகளைப் படிப்பவர்க்கு ஒவ்வொன்றும் அக்காட்சியின் மறுதலையாகத் தோன்றும். சீருடை, அச்சுறுத்தல், கூட்டிவைத்த சொல், எதிரே நிறுத்தப்பட்ட உடல் ஆகிய யாவற்றையும் சட்டம் விலக்குகிறது. ஆனால் சட்டம் தொடங்குவதற்கு முன் யாரோ ஒருவர் குழந்தையை நம்பியிருக்க வேண்டும். கழிப்பறை வாயிலில் குமட்டி நிற்கும் சிறுவனையும், வலியோடு அடுக்களை வாயிலில் நிற்கும் சிறுமியையும் எச்சட்டமும் நேரில் கேட்பதில்லை. கேளிரே கேட்க வேண்டும். நம்புவதாகச் சொல்லுதல், குற்றம் குழந்தையுடையதன்று எனத் தெளிவுறுத்தல், துருவித் துருவிக் கேளாதிருத்தல், காக்க இயலாத வாக்குறுதிகளைத் தராதிருத்தல், மருத்துவ உதவிக்கும் 1098 என்னும் குழந்தைகள் உதவி எண்ணுக்கும் விரைதல் ஆகியன அக்கேட்டலின் முதற்படிகள்.

தமிழகத்துக்கு வெளியே வாழும் தமிழ் அறிஞர்க்கு இதில் தனிப் பொறுப்பும் உண்டு. தில்லியிலோ மும்பை தாராவியிலோ வாழும் தமிழ்க் குழந்தை ஒன்று தன் துயரைத் தமிழிலேயே சொல்லக்கூடும். அது பேசியவாறே பதிவாக வேண்டுமாயின் மொழிபெயர்ப்பாளர் தேவை. மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகுகள் மொழிபெயர்ப்பாளர் பட்டியலைப் பேண வேண்டும் எனப் போக்சோ விதிகள், 2020 கூறுகின்றன. குழந்தையின் மொழியையும் அம்மாநில ஆட்சிமொழியையும் அறிந்தவர் அதில் இடம்பெறலாம். குழந்தையின் ஒரு சொல்லைக் கற்பு, மானம் என்னும் பொருளில் பெயர்ப்பதும், அச்சொல் சுட்டும் செயலாகவே பெயர்ப்பதும் வழக்கின் முடிவை மாற்றக்கூடும். வட்டார வழக்கும் மழலை வழக்கும் அறிந்த மொழிப்புலமைக்கு இதனினும் பயனுள்ள களம் வேறு இருத்தல் அரிது.

முடிவுரை

ராயின் புதினத்தில் எஸ்தாவுக்கு நேர்ந்த கொடுமை கிளை நிகழ்ச்சியன்று. கதையின் அழிவுகளை இயக்கும் கூறுகளுள் முதன்மையானது. அவனது மௌனம் கேட்கப்படாத உண்மைக்கும் கேட்டுவாங்கிய பொய்க்கும் இடையில் பிறந்தது. தத்தானியின் நாடகம் கேளாமை தலைமுறை கடந்து தொடர்வதையும், பொறுமையுடன் கேட்கும் ஒருவரால் அத்தொடர் அறுபடுவதையும் காட்டுகிறது. பானமும் உணவும் இரு படைப்புகளிலும் வயப்படுத்தும் கருவியாகவும் வாயடைக்கும் கருவியாகவும் அமைந்து, அன்பின் புறத்தோற்றமும் பாதுகாப்பும் ஒன்றல்ல என்பதை உணர்த்துகின்றன.

குழந்தையின் மழலையைக் கேட்டு மகிழ்ந்த மரபு தமிழ் மரபு. அம்மகிழ்ச்சி குறையாமலே, குழந்தை சொல்லும் கசப்பையும் சாட்சியமாகக் கேட்கும் செவியை இம்மரபு வளர்த்துக்கொள்ள இயலும். 'கேள்வி'க்கென ஓர் அதிகாரத்தையே வகுத்த நூலைப் போற்றும் சமூகத்துக்கு இது புறம்பான கடமையன்று. அவ்வதிகாரம் கற்றறிந்தாரைக் கேட்கச் சொல்கிறது. கல்லாத, சிறிய, தயங்கிய குரலையும் கேட்க வேண்டும் என்பதை எஸ்தாவும் மாலாவும் அதனோடு சேர்க்கின்றனர். வகுப்பறையில் இப்படைப்புகளைக் கற்பிக்கும் ஆசிரியர் எதிரே இருக்கும் மாணவருள் இத்தகைய துயரை எவரிடமும் சொல்லாதவர் ஒருவரேனும் இருத்தல் கூடும். அவர் பேச முன்வரும் நாளில் அவர் முன் நிற்பவர் கேளிரா என்பதை அவ்வாசிரியரின் கேட்டலே தீர்மானிக்கும்.